அரக்கு முத்திரை உடைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையால் எழுதிய கடிதங்களுக்கு அரக்கு முத்திரை வைத்து அனுப்பும் பழக்கம் இளைஞர்களிடையே மீண்டும் துளிர்த்திருப்பதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கடிதம் எழுதுவதே அருகிப்போன காலத்தில், எழுதுவதோடு நிற்காமல் அதை மடித்து, உறையிலிட்டு, முத்திரையும் வைக்கிற பொறுமை சிலருக்கு வந்திருக்கிறது என்பது அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால், கட்டுரையாளர் இதை ஓர் அலங்காரமாக மட்டுமே பார்த்திருக்கிறார். மேலைநாட்டிலிருந்து நமக்கு வந்த நாகரிகம் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில், படத்தில் இருந்த பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உறையை வளைத்தால் முத்திரையும் கூடவே வளைந்து கொடுக்கிறது என்று கட்டுரையாளர் வியந்திருந்தார். வளைந்து கொடுப்பது அரக்கு அல்ல. இணையக் கடைகளில் 'சீலிங் வேக்ஸ்' என்ற பெயரில் வண்ண மணிகளாகவும் குச்சிகளாகவும் விற்கப்படுபவற்றில் பல, பசைத் துப்பாக்கியில் போட்டு உருக்கும் பிளாஸ்டிக் பசைக்கு உறவான செயற்கைப் பொருள்கள். தபால் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே நசுங்கினாலும் உடையக் கூடாது என்பதற்காகவே அவற்றை அப்படித் தயாரிக்கிறார்கள். இதற்கும் ஒரு படி மேலே போய், முன்கூட்டியே வார்த்து, பின்புறம் பசை தடவி, ஸ்டிக்கர்போல உரித்து ஒட்டுகிற முத்திரைகளும் வந்துவிட்டன. கல்யாணப் பத்திரிகைகளில் அவற்றை நானே பார்த்திருக்கிறேன். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால், நகத்தால் நெம்பினால் முழுசாக எழும்பி வந்து, திரும்ப ஒட்டினால் ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்துகொள்கிற ஒன்றை முத்திரை என்று சொல்ல என் தொழில் பழக்கம் இடம் கொடுக்கவில்லை. 'உங்களுக்கு முன்னால் இதை வேறு யாரும் திறக்கவில்லை' என்று பெறுபவருக்குச் சொல்வதுதான் முத்திரையின் வேலை. அந்த வேலையை அது செய்ய வேண்டுமானால், திறக்கும்போது உடைந்தே தீர வேண்டும். உடைந்ததைத் தடயம் தெரியாமல் ஒட்டவும் முடியாதிருக்க வேண்டும்.

அஞ்சலகத்தில் அரக்கு எப்படிப் புழங்கியது என்பதைச் சொன்னால் இது தெளிவாகும். மாலையில் தபால் கட்டும் நேரத்தில், பையின் வாயைச் சுருக்கிச் சணல் கயிற்றால் இறுக்கி, போய்ச் சேர வேண்டிய அலுவலகத்தின் பெயர் எழுதிய லேபிளையும் அதே கயிற்றில் கோத்து முடிச்சுப் போடுவோம். பிறகு சுடரில் அரக்குக் குச்சியின் நுனியைக் காட்டினால், அது முதலில் பளபளத்து, பிறகு கனத்த சொட்டாகத் திரளும். அந்தச் சொட்டு முடிச்சின்மேல் விழுந்து, கயிற்றின் இழைகளுக்குள் இறங்க வேண்டும். அதற்குள் அவசரப்பட்டு, அலுவலகப் பெயர் வெட்டிய பித்தளை அச்சான சீலை அழுத்தினால் அரக்கு சீலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்; தாமதித்தால் எழுத்துப் பதியாது. ஈரத் துணியில் ஒற்றி எடுத்த பித்தளைச் சீலை நேராக வைத்து அழுத்தி, ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் பொறுத்து, அசைக்காமல் தூக்கினால், அலுவலகத்தின் பெயர் துல்லியமாக விழுந்திருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவரின் விரல் நுனியில் சூட்டுக் காயம் இல்லையென்றால் அவருக்கு இன்னும் வேலை பழகவில்லை என்று மூத்தவர்கள் கேலி செய்வார்கள்.

அந்த முத்திரைக்கு உண்மையான சோதனை பை போய்ச் சேருமிடத்தில்தான். பையை வாங்கியவுடன் எவரும் கத்தியை எடுத்துவிட மாட்டார். முத்திரை முழுமையாக இருக்கிறதா, எழுத்துத் தெரிகிறதா, அனுப்பிய அலுவலகத்தின் சீல்தானா என்று பார்த்த பிறகே கயிற்றை அறுப்பார். அதையும் முத்திரை சிதையாதபடி, முடிச்சுக்கு அப்பால் அறுப்பார். பட்டியலில் எழுதியிருப்பதும் பைக்குள் இருப்பதும் ஒத்துப்போகும் வரையில் லேபிள், கயிறு, முத்திரை மூன்றும் மேசைமேல் பத்திரமாக இருக்கும். ஏதாவது குறைந்தால் அவைதான் சாட்சி. விசாரணைக்கு வருகிற அதிகாரி முதலில் கேட்பதும் அவற்றைத்தான். இப்போது பைகளுக்கு எண்ணிட்ட பிளாஸ்டிக் சீல்கள் வந்துவிட்டன. வேலை வேகமாக நடக்கிறது, விரலும் சுடுவதில்லை. அதற்காக நான் வருத்தப்படுகிறவன் அல்ல. அந்தச் சீலும் ஒரு முறை அறுத்தால் மறுபடி பூட்டாது என்பதால், அரக்கு செய்த வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது. எனக்கு மனத்தாங்கல் வேலை செய்யாத முத்திரைகளோடுதான்.

காப்பீடு செய்து அனுப்பும் கடிதங்களுக்கு அந்நாளில் விதி இன்னும் கடுமையாக இருந்தது. உறையின் மடிப்புகள் சேருமிடங்களில் எல்லாம் அரக்கு வைத்திருக்க வேண்டும். எல்லா முத்திரையிலும் ஒரே அடையாளம், அதுவும் அனுப்புபவருக்கே உரிய தனி அடையாளம் பதிந்திருக்க வேண்டும். நாணயத்தை அழுத்தக் கூடாது. வெறும் கோடுகளையோ புள்ளிகளையோ அழுத்தவும் கூடாது. யார் சட்டைப்பையிலும் இருக்கிற நாணயத்தைப் பதித்தால், வழியில் உடைத்தவரும் அதே நாணயத்தால் திரும்ப முத்திரை வைத்துவிட மாட்டாரா? கவுன்ட்டருக்கு வந்து நாலணாவை நீட்டியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. இன்று இளைஞர்கள் வாங்குகிற ரோஜாப்பூ, பாய்மரக் கப்பல், பறக்கும் பறவை ஆகிய அச்சுகளுக்கும் அதே குறைதான். அதே ரோஜாவை அதே கடையில் ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள். ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர்களிடமோ, பித்தளையில் எழுத்து வெட்டுபவர்களிடமோ சொல்லித் தம் பெயரின் முதலெழுத்தையோ, தாமே வரைந்த ஒரு சிறு உருவத்தையோ பித்தளையில் வெட்டி வாங்குவதற்குப் பெரிய செலவு ஆகாது. எழுத்து இடவலம் மாறி வெட்டப்பட வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். ரப்பரில் வேண்டாம், சூடான அரக்கு ரப்பரைப் பிடித்துக்கொள்ளும்.

இனி, இது மேலைநாட்டு நாகரிகம் என்ற கருத்துக்கு வருகிறேன். முத்திரையைப் பார்த்து, அது சரியாக இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே உடைக்க வேண்டும் என்ற நடைமுறை நம் இலக்கியத்திலேயே பதிவாகியிருக்கிறது. அகநானூற்றின் 77ஆம் பாடலில், கயிற்றால் பிணித்த குடத்திலிருந்து ஓலைகளை எடுப்பதற்காக ஆவண மாக்கள் (ஆவணங்களைக் கையாளும் அலுவலர்கள்) 'பொறிகண்டு அழிக்கும்', அதாவது முத்திரையைப் பார்த்த பிறகே உடைக்கும் காட்சி உவமையாக வருகிறது. குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தை எடுத்துக்காட்டுவார்கள். ஆனால், அவர்கள் ஓலையைப் பார்க்கிறார்கள், நான் பொறியைப் பார்க்கிறேன். பொறியைக் கண்ட பிறகுதான் அழிக்கிறார்கள் என்ற அந்த வரிசைமுறையைத்தான் எங்கள் மேசையிலும் கடைப்பிடித்தோம். வாக்குப்பதிவு முடிந்து இயந்திரங்களை வைத்துப் பூட்டும் அறைக்கும், வருவாய்த் துறையினர் பூட்டுகிற கடைக் கதவுக்கும் சீல் வைப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே எண்ணம்தான்.

கடிதத்துக்கென்றே வைத்த முத்திரை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மாதவி கோவலனுக்கு எழுதிய இரண்டாவது ஓலையைக் கோசிகன் என்பவன் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போகும் வழியில் கோவலனைக் கண்டு கொடுக்கிறான். அதை 'மண்ணுடை முடங்கல்' என்கிறார் இளங்கோவடிகள். அரக்கு இல்லை, களிமண். சுருட்டிய ஓலையின்மேல் ஈரமண்ணை அப்பி, அதில் அடையாளம் பதித்திருக்கிறார்கள். மாதவி பதித்த அடையாளம் எது தெரியுமா? தன் கூந்தல். கூடியிருந்த காலத்தில் அவள் தலையில் தேய்த்த நெய்யின் வாசம் அந்த 'மண்பொறி'யிலிருந்து எழ, ஓலையைப் பிரிப்பதற்கு முன்பே அது யாருடையது என்று கோவலனுக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே பிரிக்கவும் மனம் வராமல் அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறான். காய்ந்த மண் எப்படி உடையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேறு எவரும் செய்ய முடியாத அடையாளம், திறந்தால் உடைகிற பொருள் என்று காப்பீட்டுக் கடிதத்துக்கு அஞ்சல் துறை கேட்ட இரண்டும் அந்த ஓலையில் இருந்தன. ரோஜாப்பூ அச்சு வாங்குகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்களுக்கே சொந்தமாக ஏதாவது தோன்றும் என்று நம்புகிறேன்.

ஐரோப்பியர்கள் முத்திரை வைக்காமல் இல்லை. அவர்களுடைய அரச ஆவணங்களில் நெடுங்காலமாகத் தேன்மெழுகு முத்திரைகள் தொங்கின. 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஜான் மன்னர், அரச அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா என்ற சாசனத்தில் கையெழுத்துப் போடவில்லை; மெழுகில் பதித்த பெருமுத்திரைதான் அதை உறுதிப்படுத்தியது. ஆனால், தேன்மெழுகு மென்மையானது, வெயிலில் குழையும். 16ஆம் நூற்றாண்டில் கடல் வழியாக இந்திய அரக்கு ஐரோப்பியச் சந்தைகளுக்குத் தாராளமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான், கடினமாகவும் பளபளப்பாகவும் 'சடக்'கென்று உடைவதாகவும் உள்ள முத்திரைக் குச்சிகள் அங்கே புழக்கத்துக்கு வந்தன. அரக்கோடு மரப்பிசின் எண்ணெயும், சிவப்புக்குச் சாதிலிங்கமும், பருமனுக்குச் சுண்ணப்பொடியும் சேர்த்து வார்த்தார்கள். எனவே, கட்டுரையாளர் மேலைநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்கிற பொருள், முதலில் நம் நாட்டுக் காடுகளிலிருந்து அங்கே போனது.

அந்தக் காடுகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. புரசு, இலந்தை, குசும் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி வாழும் மிகச் சிறிய பூச்சி, தன்னைச் சுற்றி வடிக்கிற பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடிக் குடும்பங்கள், பூச்சி உள்ள குச்சிகளை மரத்தில் கட்டிப் பரவவிட்டு, பருவம் வந்ததும் கிளைகளை வெட்டி, மேலே படிந்திருக்கும் பிசினைச் சுரண்டி எடுத்து விற்கின்றன. ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்ற இடத்தில் இதற்கென்றே 1924ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது என்பதிலிருந்து, அந்நாளில் அரக்குக்கு இருந்த வணிக மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். கிராமபோன் இசைத்தட்டுகளும் அதைக் கொண்டுதான் செய்யப்பட்டன. சுத்தம் செய்யும் பழைய முறையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கழுவிக் காயவைத்த அரக்கு மணிகளை நீண்ட துணிப்பைக்குள் அடைத்துக் கரி அடுப்பின் முன்னே பிடித்து ஒருவர் முறுக்க, உருகிய அரக்கு துணியின் கண்களில் கசியும். அதை வழித்து எடுத்துத் தட்டையாக்கி, ஆறுவதற்குள் கைகளாலும் கால்களாலும் பல்லாலும் பிடித்து இழுத்துக் கண்ணாடிபோன்ற மெல்லிய தகடாக விரிப்பார்கள். அந்தத் தகட்டை நொறுக்கியதுதான் ஷெல்லாக். நம் வீடுகளில் அரக்கு என்றால் உள்கூடான நகைக்குள் நிரப்புவதும், அடகுக் கடையில் எடைபோடும்போது கழிப்பதும்தான் நினைவுக்கு வரும். கழிக்கத்தக்க பொருள் என்ற அந்த நினைப்பாலேயே அதன் அருமை நமக்குத் தெரியாமல் போயிற்றோ என்னவோ.

ஐரோப்பாவில் அரக்கு முத்திரை சாதாரணக் குடும்பக் கடிதங்களுக்கும் பரவியதற்குக் காரணம் ரசனை அல்ல, கட்டணம். 1840ஆம் ஆண்டுக்கு முன் பிரிட்டனில் தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப அஞ்சல் கட்டணம் வசூலித்தார்கள். உறை போட்டால் அது இரண்டாவது தாள், கட்டணம் இரட்டிப்பாகும். ஆகவே, எழுதிய தாளையே மடித்து, அதன் வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி, விளிம்பு சேருமிடத்தில் அரக்கு வைத்து ஒட்டினார்கள். அஞ்சல் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட ரோலண்ட் ஹில்லின் முயற்சியால், தூரத்தைப் பாராமல் எடையை மட்டும் கொண்டு கணக்கிடும் ஒரு பென்னிக் கட்டணம் அந்த ஆண்டு வந்தது, உறை பரவியது, பின்னர் ஓரத்தில் பசை தடவிய உறைகளும் வந்தன. அதோடு அரக்குக்குக் கடிதத்தில் வேலை குறைந்துபோயிற்று. வேலை போன பிறகு அலங்காரமாக எஞ்சியதைத்தான் நாம் இப்போது பார்த்துப் பரவசப்படுகிறோம்.

இந்திய அஞ்சல் வரலாற்றில் இந்த உடையும் குணம் ஒரு வேடிக்கையையும் செய்திருக்கிறது. 1852ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சிந்து மாகாண ஆணையர் பார்ட்டில் ஃப்ரேர் வெளியிட்ட 'சிந்து டாக்' அரையணா வில்லைதான் ஆசியாவின் முதல் தபால்தலை. அதன் முதல் வடிவம், கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகச் சின்னத்தைப் புடைப்பாக அழுத்திய சிவப்பு முத்திரை வில்லை. கடிதங்களை ஒட்டப் பயன்படுத்திய அதே வகை வில்லையைத் தபால்தலையாக்கிவிட்டார்கள். ஒட்டும்போதும் கையாளும்போதும் அது விரிசல்விட்டு உதிர்ந்தது. அதனால் வெள்ளைத் தாளிலும் பிறகு நீலத்திலும் அச்சிட்டார்கள். 1854இல் நாடு முழுவதற்குமான தபால்தலைகள் வந்ததும் அதுவும் நின்றது. சிவப்பு வில்லைகள் மிகச் சிலவே தப்பிப் பிழைத்திருப்பதால் சேகரிப்பாளர்கள் இன்று அதைத் தேடி அலைகிறார்கள். தபால்தலை உடையக் கூடாது. முத்திரை உடைய வேண்டும். ஒன்றின் குணத்தை மற்றொன்றிடம் எதிர்பார்த்ததால் வந்த வினை அது. வளைகிற முத்திரையை விற்பவர்கள் அதே தவறைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அரக்கு வைத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. சூடாக்கிய மெல்லிய கத்தியை அடியில் செலுத்தி முத்திரையை முழுதாக எழுப்பவும், அச்சு எடுத்துப் போலி முத்திரை செய்யவும் தெரிந்தவர்களை அரசுகளே சம்பளம் கொடுத்து வைத்திருந்தன. இத்தாலிய விடுதலை வீரர் மாட்சினி லண்டனில் தங்கியிருந்தபோது தம் கடிதங்கள் பிரிக்கப்படுவதாகச் சந்தேகப்பட்டு, உறைக்குள் கசகசா, மணல், தலைமுடி ஆகியவற்றைப் போட்டு அனுப்பச் சொன்னார். வந்து சேர்ந்தபோது அவை காணாமல் போயிருந்தன. 1844இல் இது நாடாளுமன்றத்துக்கு வந்து, உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிரஹாமின் உத்தரவின்பேரில் அஞ்சல் துறையே பிரித்தது என்பது வெளியானபோது பெரும் கொந்தளிப்பு உண்டாயிற்று. முத்திரையை ஏமாற்றியவர்களால் ஒரு முடியை ஏமாற்ற முடியவில்லை. மாதவியின் கூந்தல் எனக்கு இங்கேதான் நினைவுக்கு வருகிறது.

மறுபக்கம், ஒழுங்காக வைத்த முத்திரை எவ்வளவு காலம் காவல் இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. நெதர்லாந்தின் ஹேக் நகரில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஞ்சல் அதிகாரியாக இருந்த சிமோன் டி பிரியன் என்பவரின் பெட்டி ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சேர வேண்டியவரிடம் சேராமல் தங்கிப்போன கடிதங்கள் அதில் ஆயிரக்கணக்கில் உள்ளன. சில நூறு கடிதங்கள் இன்றுவரை பிரிக்கப்படாதவை. பிரித்துப் படிக்க ஆசை இருந்தும் ஆராய்ச்சியாளர்கள் முத்திரையை உடைக்கவில்லை. மடிப்பும் முத்திரையுமே வரலாற்றுச் சான்று என்பதால், பற்களை ஆராயப் பயன்படும் எக்ஸ்-ரே கருவியில் வைத்து, மையின் தடத்தைக் கொண்டு கணினியிலேயே தாளை விரித்துப் படித்தார்கள். 1697 ஜூலை 31 தேதியிட்ட ஒரு கடிதம் அப்படிப் படிக்கப்பட்டு 2021இல் வெளியானது. இறந்துபோன உறவினர் ஒருவரின் மரணச் சான்றின் நகலைக் கேட்டு ஒருவர் தம் ஒன்றுவிட்ட சகோதரருக்கு எழுதியது அது. நம் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறவர்கள் எவருக்கும் அந்தக் கடிதம் அந்நியமாகத் தோன்றாது.

இனி, உண்மையான அரக்கையே வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். குச்சியைச் சுடருக்குள் நுழைக்காமல், சற்று மேலே பிடித்துச் சுழற்றிக்கொண்டே உருக்க வேண்டும். சுடருக்குள் போனால் அரக்கு தீப்பிடித்துக் கரும்புகை படியும், சிவப்பு கருத்துப்போகும். அரக்கு மாளிகையின் கதை தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. அரக்கு உறையின் மூடியிலும் உடலிலும் பாதிப்பாதியாக அமர வேண்டும். மூடியின்மேல் மட்டும் அமர்ந்தால் அது பொட்டு, முத்திரை அல்ல. மெழுகுவர்த்தியைச் சொட்டவிட்டு அதில் அச்சு அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மெழுகின் எண்ணெய் தாளில் ஊறிக் கறை படிந்து, உள்ளிருக்கும் எழுத்தையும் கெடுக்கும். அரக்கில் அந்தத் தொல்லை இல்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் இரும்புத் தபால் பெட்டி கொதிக்குமே என்ற கவலையும் அதிகம் வேண்டாம். நல்ல அரக்கு 65, 70 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்து இளகாது.

அஞ்சலில் போடும்போது முத்திரை நொறுங்கிவிடுமே என்று கேட்பார்கள். நொறுங்கத்தான் செய்யும், தேதி முத்திரை குத்துகிற ஊழியருக்கு உறையின் பின்புறத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதற்கு மருந்து, வளைகிற பிளாஸ்டிக் அல்ல. அரக்கு வைத்த உறையை இன்னொரு சாதாரண உறைக்குள் போட்டு, வெளியுறையில் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்பினால் போதும். 20 கிராம் வரை 5 ரூபாய்தான். அரக்கும் இரண்டு உறையும் சேர்ந்து எடை கூடினால் அடுத்த படிக் கட்டணம். தாளை மிச்சப்படுத்துவதற்காகத் தோன்றிய பழக்கத்துக்கு இப்போது இரண்டு உறை செலவழிக்கச் சொல்கிறேன் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். முக்கியமான கடிதமானால் கவுன்ட்டரிலேயே கொடுத்து விரைவு அஞ்சலில் அனுப்பலாம். பதிவு அஞ்சல் சேவை 2025ஆம் ஆண்டில் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது.

அஞ்சல் துறைக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் உண்டு. 'டாய் ஆகர்' என்ற பெயரில் ஆண்டுதோறும் கடிதம் எழுதும் போட்டியைத் துறை நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் பலர் தம் வாழ்க்கையின் முதல் கடிதத்தை அதற்காகத்தான் எழுதுகிறார்கள். அந்தப் போட்டி நடக்கும் நாள்களில் தலைமை அஞ்சலகங்களில் ஒரு மேசை போட்டு, பழைய ஊழியர் ஒருவரை உட்காரவைத்து, அரக்கு உருக்கி முத்திரை வைப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் உள்ளதுபோன்ற தபால்தலை சேகரிப்பு மையங்களில், ஜார்க்கண்டிலோ மேற்கு வங்கத்திலோ தயாரான அசல் அரக்குக் குச்சிகளை விற்பனைக்கு வைக்கலாம். கங்கை நீரைப் புட்டியில் அடைத்து விற்கிற துறைக்கு இது கடினமான காரியமாக இராது.

அதுவரையில் வாசகர்கள் வேறிடங்களில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். தங்கள் கட்டுரையின் முடிவில் இணையக் கடைகளின் பெயர்கள் இருந்தன; ஊர்ப்புறக் கடைகளையும் அடுத்த இணைப்பில் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். பழைய ஸ்டேஷனரி கடைகளிலும், நீதிமன்ற வளாகங்களைச் சுற்றிப் பத்திரத்தாள், கோப்பு நாடா விற்கிற கடைகளிலும் அரக்குக் குச்சி என்றோ, லாக் சீல் குச்சி என்றோ கேட்டுப் பார்க்கலாம். வாங்குமுன் ஒரு குச்சியை முறித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். கண்ணாடிபோல் 'சடக்'கென்று முறிந்தால் வாங்கலாம். வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முறிந்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்பிரிட்டில் ஓர் இரவு போட்டுவைத்தால், அரக்கு கரைந்து மேலே நிறமேறிய நீராகவும் சுண்ணப்பொடி அடியில் வண்டலாகவும் பிரிந்திருக்கும். வண்டல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல குச்சி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
பாளையங்கோட்டை.